அஞ்சாம் மாடியில் ஃப்ளஷ்

மூன்று எட்டும் இரண்டு நாலும் கையில் வைத்துக்கொண்டு போக்கர் ஆட்டத்தில் ஒரு மனிதர் தோற்க முடியுமா? முடியும். நம் லிஃப்ட்காரர் தோற்றார். அதுவும் சும்மா தோற்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து, எதிரே உட்கார்ந்திருந்த பல் டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கி, "அடேயப்பா, அஞ்சும் ஆட்டின்! உங்களை யார் சார் ஜெயிக்க முடியும்?" என்று வாயார வாழ்த்திவிட்டு, தன் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தோற்றார்.

பக்கத்தில் இருந்த தையல்காரருக்குக் கை சும்மா இருக்காது. அந்த ஐந்து சீட்டையும் புரட்டிப் பார்த்தார். பார்த்தவர் சிரித்த சிரிப்பில் மேஜை ஆடியது. டாக்டரும் எட்டிப் பார்த்தார். அவருடைய வாயிலும் பற்கள் இருப்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

"லிஃப்டு, உங்க கையில இருந்தது ஃபுல் ஹவுஸ்" என்றார் கப்பல்காரர். "டாக்டர் கையில வெறும் ஃப்ளஷ். ஜெயிச்சது நீங்க. ஜெயிச்ச மனுஷன் தோத்தவர் கையைப் பிடிச்சு எதுக்கு வாழ்த்தறீங்க?"

கப்பல்காரர் என்றால் கப்பல் வைத்திருப்பவர் இல்லை. கப்பலின் இன்ஜின் அறையில் முப்பது வருஷம் எண்ணெய்க்குள் நின்றவர். ஓய்வு பெற்று நாலாம் மாடி வீட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி ஆனால் அவர் வீட்டு மேஜையைச் சுற்றி நாலு நாற்காலி போடப்படும். காசு கிடையாது. தையல்காரர் ஒரு டப்பா நிறையச் சட்டைப் பொத்தான் கொண்டு வருவார், அதுதான் பணயம். நாலாவது நாற்காலிக்குச் சொந்தக்காரர் ஒரு போட்டோக்காரர். அவர் மகனோடு இருக்க வேறு ஊருக்குப் போய்விட்டார். அந்தக் காலி இடத்தில் ஒரு நாள் ஒப்புக்கு உட்காரத்தான் இரண்டாம் மாடியிலிருந்து லிஃப்ட்காரரைக் கூப்பிட்டார்கள்.

"அடுத்த ஞாயிறு வரைக்கும் அந்த நாற்காலி காலியாத்தான் இருக்கும்" என்றார் கப்பல்காரர். "எது பெருசு, எது சின்னதுன்னு கத்துக்கிட்டு வாங்க. இடம் உங்களுக்குத்தான். இல்லேன்னா வேற ஆளைப் பார்ப்போம், தப்பா நினைச்சுக்காதீங்க."

தப்பாக நினைக்கவில்லை. ஆனால் அந்த நாற்காலி அவருக்கு வேண்டும். வெறியோடு வேண்டும். வாரத்தில் ஆறு நாள் இருட்டுக் குழிக்குள் கிரீஸும் டார்ச்சுமாகத் தொங்குகிற மனிதர் அவர். அவருக்காகக் காத்திருப்பவர்கள் எல்லாம் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள். கதவு திறந்ததும் அவர்கள் நன்றி சொல்வதில்லை, திட்டிவிட்டுப் போவார்கள். அந்த மேஜையில்தான் முதல்முறையாக மூன்று பெரிய மனிதர்கள், "உங்க முறை" என்று சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். அந்தச் சுகம் கண்டவருக்கு இனி வீட்டுச் சோபா பிடிக்குமா?

இரண்டு இரண்டு படியாகத் தாவி வீட்டுக்கு இறங்கினார். ஒரு லிஃப்ட் மெக்கானிக் படியில் இறங்குகிறார் என்றால் அவருக்கு எவ்வளவு அவசரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் தெருமுனை மருந்துக்கடையில் மருந்தாளுநர். எழுதிய டாக்டருக்கே படிக்க வராத கையெழுத்தை எல்லாம் எழுத்துக் கூட்டாமல் படிக்கிறவர். அப்படிப்பட்டவருக்குப் புருஷன் முகத்தைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

"ஒரு முடிவு எடுத்திருக்கேன்" என்றார் லிஃப்ட்காரர்.

"எடுத்ததை எடுத்த இடத்துலயே வெச்சிடுங்க."

"விளையாடாதே. இனிமே ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு நான் மேலே போயிடுவேன்."

"மேலேன்னா?"

"நாலாம் மாடி."

"அப்பாடா. அங்கேர்ந்துன்னா திரும்பி வந்துடலாம்." துணியை உதறினார் அம்மாள். "எதுக்கு?"

"சீட்டாட."

"போன ஞாயித்துக்கிழமை தலைவலின்னு படுத்துக்கிட்டீங்க. அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை படுத்து படுத்தே தலைவலின்னீங்க. ஆறு நாளும் கடையில நின்னு கால் வீங்கி வர்றேன். ஏழாவது நாள் சாயங்காலமாவது எனக்கே எனக்குன்னு ஏதாவது வேண்டாமா?"

நியாயமான கேள்வி. நியாயமான கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. ஆனால் அன்றைக்கு உடம்பெல்லாம் உற்சாகம். வாய் தானாகப் பேசியது.

"சரி, ஒரு பந்தயம். நீயும் போக்கர் கத்துக்கோ. வர்ற ஞாயிறு ரெண்டு மணிக்கு நீயும் நானும் மூணு ஆட்டம். ரெண்டு ஜெயிச்சவங்க சொன்னதுதான் சட்டம். நான் ஜெயிச்சா நாற்காலி எனக்கு. நீ ஜெயிச்சா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உனக்கு."

"முழுசா எனக்கா?"

"முழுசா."

"நான் என்ன வேணா பண்ணிக்கலாமா?"

"என்ன வேணா பண்ணு. நீ கிழிச்ச கோட்டைத் தாண்ட மாட்டேன். கப்பல்காரரே நடுவர். போதுமா?"

அம்மாள் மடித்த சட்டையை அவர் கையில் வைத்தார். "போதும்" என்றார். மிகச் சுருக்கமாகச் சொன்னார். அந்தச் சுருக்கத்தைக் கண்டு இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்திய மனிதர் கொஞ்சம் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை.

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியில் நாலாம் மாடிக் கதவைத் தட்டினார். கப்பல்காரர் பல் தேய்த்துக்கொண்டே பாடம் நடத்தினார்.

"கஷ்டமே இல்ல. எது அபூர்வமோ அது பெருசு. ஒரே எண்ணுல ரெண்டு சீட்டு வந்தா ஜோடி. அது அடிக்கடி வரும், அதனால அதுக்கு மதிப்பு இல்ல. அஞ்சு சீட்டும் அடுத்தடுத்த எண்ணா வரிசையா வந்தா ஸ்ட்ரெய்ட். அஞ்சும் ஒரே சின்னமா வந்தா ஃப்ளஷ். ஸ்ட்ரெய்ட் ரெண்டு தடவை வந்தா ஃப்ளஷ் ஒரு தடவைதான் வரும். அதனால ஃப்ளஷ் பெருசு. மூணு ஒரே எண்ணும் ஒரு ஜோடியும் சேர்ந்து வந்தா ஃபுல் ஹவுஸ். அது ஃப்ளஷ்ஷை விடவும் அபூர்வம். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"சொல்லுங்க பார்ப்போம், எது பெருசு?"

"எல்லாமே பெருசாத்தான் தெரியுது."

கப்பல்காரர் வாயைக் கொப்பளித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அன்று முழுக்க லிஃப்ட்காரர் முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தார். மூன்றைச் சொன்னால் இரண்டு மறந்தது. இரண்டைச் சொன்னால் மூன்றும் போனது. ஐந்தும் சிவப்பாக வந்தால் கண்ணுக்கு எவ்வளவு அழகு! அழகாக இருப்பது பெரியது இல்லை என்பதை மனசு ஒப்புக்கொள்ள மறுத்தது.

விடிவு செவ்வாய்க்கிழமை வந்தது. பத்து நிறுத்தம் கொண்ட ஓர் உயரமான கட்டடம். லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்று, டார்ச் அடித்து, தண்டவாளத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டே மெதுவாக மேலே போய்க்கொண்டிருந்தார். குழிச் சுவரில் ஒவ்வொரு கதவுக்குப் பக்கத்திலும் வெள்ளைப் பெயின்ட்டில் மாடி எண் எழுதியிருந்தது. தரைத்தளம், ஒன்று, இரண்டு, மூன்று...

கை அப்படியே நின்றது.

தரைத்தளத்தில் தனிச் சீட்டு. ஒன்றுக்கும் உதவாத கை, ஒன்றும் இல்லாத தளம். ஒன்றாம் மாடியில் ஒரு ஜோடி. இரண்டாம் மாடியில் இரண்டு ஜோடி. மூன்றாம் மாடியில் ஒரே எண்ணில் மூன்று. அடடா, மாடி எண்ணே சொல்லிக் கொடுக்கிறதே! நாலில் ஸ்ட்ரெய்ட். அஞ்சில் ஃப்ளஷ். ஆறில் ஃபுல் ஹவுஸ். ஏழில் ஒரே எண்ணில் நாலும். எட்டில் வரிசையும் சின்னமும் சேர்ந்த ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ். ஒன்பதில், மொட்டை மாடிக்குக் கீழே, பத்து முதல் ஏஸ் வரை ஒரே சின்னத்தில் கொலுவிருக்கும் ராயல் ஃப்ளஷ்! பத்து நிறுத்தம், பத்து வகை. எண்ணிப் பார்த்தார். ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"ஆஹா!" என்று கத்தினார். குழிக்குள் கத்தினால் பத்து மாடிக்கும் கேட்கும். கேட்டது. காவலாளி ஓடி வந்து, "சார், மாட்டிக்கிட்டீங்களா?" என்று கீழேயிருந்து கூவினார்.

"இல்லைய்யா! இப்பத்தான் வெளியே வந்தேன்!"

அன்று மாலை வரை அந்த லிஃப்டில் ஏறியவர்களுக்கெல்லாம் இலவசப் பாடம் நடந்தது. "எந்த மாடிங்க? மூணா? ஒரே எண்ணுல மூணு. இறங்குங்க." ஒரு பெண்மணி நாலாம் மாடி என்றார். "ஸ்ட்ரெய்ட்!" என்று அறிவித்தார் இவர். "நேரா இல்லைங்க, இடது பக்கம் மூணாவது கதவு" என்று அந்தப் பெண்மணி திருத்திவிட்டுப் போனார்.

கற்றுக்கொண்டதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் மனிதன் ஒரு மாடி ஏறினால் இன்னொரு மாடிக்கும் பொத்தானை அழுத்திப் பார்ப்பான்.

மாலையில் மனைவி கேட்டார்: "எனக்கும் எழுதிக் கொடுங்க. எது பெருசு, எது சின்னதுன்னு. நான் எப்படிக் கத்துக்கறது?"

"தாராளமா!" என்று பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தார். தரைத்தளத்திலிருந்து எழுதிக்கொண்டே வந்தார். ஒன்று, இரண்டு, மூன்று சரியாக எழுதினார். நாலுக்கு வந்ததும் பேனா நின்றது. சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. மனசுக்குள் ஒரு சின்ன யோசனை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தது.

நாலையும் அஞ்சையும் மாற்றி எழுதினால்?

ஸ்ட்ரெய்ட்தான் ஃப்ளஷ்ஷைவிடப் பெரியது என்று அவள் நம்புவாள். ஃப்ளஷ் வரும் நேரத்தில் அதைக் கலைத்துவிட்டு ஸ்ட்ரெய்ட்டின் பின்னால் ஓடுவாள். நான் ஃப்ளஷ்ஷோடு நிற்பேன். யாருக்குத் தெரியப் போகிறது? தெரிந்தாலும், பழைய ஆட்டக்காரர்களே குழம்புகிற இடம்தானே அது?

லிஃப்ட் தொழிலில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. நாலாம் மாடிக் கம்பியை அஞ்சாம் மாடிப் பொத்தானில் இணைத்தான் என்பதற்காக ஒரு கூட்டாளியின் முகத்தை ஒரு மாதம் பார்க்காமல் இருந்தவர் இவர். அதே கை அன்று நாலில் ஃப்ளஷ் என்றும் அஞ்சில் ஸ்ட்ரெய்ட் என்றும் எழுதியது. நாற்காலி ஆசை அப்படி.

அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பேப்பரை வாங்கினார். மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை படித்தார்.

"கையெழுத்து?"

"என்ன கையெழுத்து?"

"கையெழுத்தும் தேதியும் இல்லாத சீட்டை நான் வாங்க மாட்டேன். மருந்துக்கடைப் பழக்கம். போடுங்க."

மனுஷன் சிரித்துக்கொண்டே போட்டார். அலங்காரமாக, கீழே இரண்டு கோடு இழுத்து, தேதியோடு போட்டார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்பவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். ரசீதும் எழுதிக் கொடுத்தவர் இவர் ஒருவர்தான்.

புதன்கிழமை காலை அம்மாள் காலணி மாட்டிக்கொண்டே கேட்டார்: "ஏங்க, ஸ்ட்ரெய்ட்தானே ஃப்ளஷ்ஷை விடப் பெருசு?"

"ஆமா, ஆமா. ஸ்ட்ரெய்ட்தான்."

வியாழக்கிழமை சாப்பிடும்போது: "என் மண்டையில ஏறவே மாட்டேங்குது. ஸ்ட்ரெய்ட் வந்தா ஃப்ளஷ்ஷை அடிச்சிடும், இல்லையா?"

"அடிச்சுத் துவைச்சிடும்!"

வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் நேரத்தில்: "கடைசியா ஒரு தடவை சொல்லிடுங்க. அஞ்சாம் மாடி ஸ்ட்ரெய்ட், நாலாம் மாடி ஃப்ளஷ். சரிதானே?"

"நூத்துக்கு நூறு சரி. உனக்கு நல்லா வந்துடுச்சு!" என்று தட்டிக் கொடுத்தார். பாவம், எவ்வளவு அப்பாவி, எவ்வளவு ஆர்வமாகக் கற்றுக்கொள்கிறாள் என்று ஒரு நிமிஷம் மனசு இளகக்கூடச் செய்தது. ஜெயித்ததும் அவளுக்கு ஒரு நல்ல குடை வாங்கித் தர வேண்டும் என்று முடிவு செய்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி. சாப்பாட்டு மேஜை துடைத்து வைக்கப்பட்டது. கப்பல்காரர் சலவைச் சட்டையில் வந்து நடுவில் உட்கார்ந்து, சீட்டைக் கலைத்தார். முப்பது வருஷம் கடலில் கலைத்த கை, சீட்டு தண்ணீராக ஓடியது.

"ஆளுக்கு அஞ்சு சீட்டு. வேண்டாததைக் கீழே போட்டு ஒரே ஒரு தடவை மாத்திக்கலாம். அப்புறம் காட்டணும். மூணுல ரெண்டு. சம்மதமா?"

"சம்மதம்" என்றார் லிஃப்ட்காரர். குரல் ஒரு மாடி மேலே போய்விட்டது.

"சம்மதம் அண்ணே" என்றார் அம்மாள்.

முதல் ஆட்டம். இவர் கையில் ராஜா இரண்டு, மூன்றாம் எண் சீட்டு இரண்டு. அம்மாள் கையில் இரண்டு ஏஸ் மட்டும். "ரெண்டாம் மாடி! நீ ஒண்ணாம் மாடி!" என்று குதித்தார். நாற்காலியின் கைப்பிடி கைக்கு எட்டிவிட்டது போலிருந்தது.

இரண்டாம் ஆட்டம். இவர் கையில் ராணியில் ஒரு ஜோடி, பத்தில் ஒரு ஜோடி. மறுபடியும் இரண்டாம் மாடி! மார்பை நிமிர்த்திக் காட்டினார். அம்மாள் மூன்று ஆறுகளை ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தார். "மூணாம் மாடிங்க" என்றார் பணிவாக.

சமம். கடைசி ஆட்டம் வந்தது. லிஃப்ட்காரரின் நெற்றியில் வியர்வை. சீட்டை ஒவ்வொன்றாக எடுத்தார். ஆட்டின் ராஜா. ஆட்டின் ஜாக்கி. ஆட்டின் எட்டு. ஆட்டின் மூன்று. ஐந்தாவது சீட்டு கிளாவர் ஏழு. கிளாவரைக் கீழே போட்டார். கப்பல்காரர் ஒரு சீட்டைத் தள்ளினார். ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்தார்.

ஆட்டின் இரண்டு!

ஃப்ளஷ். அசல் அஞ்சாம் மாடி ஃப்ளஷ். தொடைக்கு அடியில் கையை வைத்து அழுத்திக்கொண்டார், இல்லாவிட்டால் அது தானாகக் கைதட்டியிருக்கும்.

அம்மாள் தன் சீட்டுகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு டைமன் ராஜாவை எடுத்துக் கீழே போட்டார். ராஜாவைப் போடுகிறாளே, பைத்தியக்காரி! புதுச் சீட்டு வந்தது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"காட்டுங்க" என்றார் நடுவர்.

அம்மாள் வரிசையாக வைத்தார். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. ஸ்ட்ரெய்ட்.

லிஃப்ட்காரர் எழுந்தே நின்றுவிட்டார். ஐந்து ஆட்டினையும் மேஜைமேல் அறைந்தார். "ஃப்ளஷ்! ஃப்ளஷ்! அண்ணே, சொல்லுங்க! ஸ்ட்ரெய்ட்டை ஃப்ளஷ் அடிக்கும்! நாற்காலி எனக்கு! நாற்காலி எனக்கு!"

கப்பல்காரர் அம்மாளைப் பார்த்தார். அம்மாள் ஒரு பேப்பரை விரித்து மேஜைமேல் வைத்து, சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினார்.

"அஞ்சு, ஸ்ட்ரெய்ட். நாலு, ஃப்ளஷ். இது யார் கையெழுத்துங்க?"

"அது... அது வந்து..."

"எனக்கு ரெண்டு வழி இருந்தது அண்ணே" என்று நடுவரிடம் திரும்பினார் அம்மாள். "முதல்ல வந்ததுல நாலு டைமன் இருந்தது. நாலு சீட்டு வரிசையாவும் இருந்தது. டைமனை வெச்சா ஃப்ளஷ்ஷுக்கு ஆடலாம், வரிசையை வெச்சா ஸ்ட்ரெய்ட்டுக்கு ஆடலாம். இதைப் பார்த்தேன். ஸ்ட்ரெய்ட்தான் பெருசுன்னு போட்டிருந்தது. கட்டின புருஷன் எழுத்தை நம்பி ராஜாவையே தூக்கிப் போட்டேன்."

"கை தவறி மாறிப் போச்சு!" என்றார் லிஃப்ட்காரர். "பேனா... ஒரு வேகத்துல..."

"கை தவறினது செவ்வாய்க்கிழமை. புதன், வியாழன், வெள்ளி மூணு நாளும் கேட்டேனே, வாயுமா தவறுச்சு? மருந்துச் சீட்டுல சந்தேகம் வந்தா எழுதினவரையே கேட்டுடுவோம், அதுதான் எங்க தொழில். ஒரு தடவைக்கு மூணு தடவை கேட்டேன். நூத்துக்கு நூறு சரின்னீங்க. எழுதினவரே உறுதியாச் சொன்னப்புறம் மாத்திக் கொடுக்க எனக்கு ஏது அதிகாரம்?"

"அப்ப உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"புதன்கிழமை காலையில கடைக்குப் போறதுக்கு முன்னால ரெண்டு மாடி ஏறி அண்ணனைக் கேட்டேன். எது அபூர்வமோ அது பெருசுன்னார். அவ்வளவுதானே? ஒரே நிமிஷத்துல புரிஞ்சுடுச்சு."

லிஃப்ட்காரர் கப்பல்காரரைப் பார்த்தார். கப்பல்காரர் கூரையைப் பார்த்தார். பிறகு நீதிபதி மாதிரி தொண்டையைக் கனைத்தார்.

"லிஃப்டு, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இதைத் தெரிஞ்சு மாத்தி எழுதினீங்களா, தெரியாம மாத்தி எழுதினீங்களா?"

சாதாரணக் கேள்வி. ஆனால் அந்த இரண்டு வார்த்தைக்கு நடுவில் நம் மனிதர் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட் மாதிரி தொங்கினார். தெரிந்து எழுதினேன் என்றால் ஏமாற்றுக்காரன். ஏமாற்றுக்காரனுக்கு அந்த மேஜையில் இடம் இல்லை. தெரியாமல் எழுதினேன் என்றால் எது பெரியது என்று இன்னும் தெரியாதவன். தெரியாதவனுக்கும் அந்த மேஜையில் இடம் இல்லை. மேலே போகவும் வழியில்லை, கீழே இறங்கவும் வழியில்லை.

"தெரி..." என்று ஆரம்பித்தார்.

"சரி விடுங்க" என்றார் கப்பல்காரர். "ஆட்டத்துக்கு எழுதி வெச்ச சட்டம் இது. எழுதினவர் நீங்க. இந்தச் சட்டப்படி தங்கச்சி கை பெருசு. ரெண்டுக்கு ஒண்ணு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தங்கச்சிக்கு."

கையில் சீட்டு இருந்தது, ஃப்ளஷ்ஷும் இருந்தது, உட்காரும் சீட்டுதான் போய்விட்டது. லிஃப்ட்காரர் பொத்தென்று உட்கார்ந்தார். அந்த மூன்று பேர் இனி, "உங்க முறை" என்று சொல்லப் போவதில்லை. இருந்தாலும் வாக்குக் கொடுத்தவர். செய்த தப்பும் தப்புதான். மூச்சை இழுத்துவிட்டு, மனைவியை ஏறிட்டுப் பார்த்தார்.

"தோத்துட்டேன். ஒத்துக்கறேன். சாயங்காலம் உன்னோடது. எங்கே போகலாம் சொல்லு? நடக்கலாமா? சினிமாவா? எங்கே கூப்பிட்டாலும் வர்றேன்."

"நீங்க எதுக்கு?" என்றார் அம்மாள், தலையைச் சீவிக்கொண்டே. "நான் போறது நாலாம் மாடிக்கு. போட்டோக்காரர் நாற்காலியை அண்ணன் புதன்கிழமையே எனக்குக் கொடுத்துட்டார். சாயங்காலம் மட்டும்தான் கிடைக்கணும்னு சொல்லியிருந்தேன், இப்ப அதுவும் கிடைச்சிடுச்சு. வர்றேங்க."

கப்பல்காரர் கதவைத் திறந்து பிடிக்க, அம்மாள் ராணி மாதிரி வெளியேறினார்.

லிஃப்ட்காரர் தனியாக உட்கார்ந்திருந்தார். கடிகாரம் நாலு அடித்தது. இந்நேரம் பொத்தான் டப்பாவைத் திறந்திருப்பார்கள். நாலேகால். இந்நேரம் அவள் முதல் கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சோபாவில் படுத்தார். எழுந்தார். ஜன்னலைத் திறந்தார், சாத்தினார்.

நாலரைக்கு போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, உடனே மேலே வாங்களேன். நீங்க இல்லாம ஆட்டமே நடக்காது போலிருக்கு. எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்!"

காத்திருக்கிறார்கள்! அவருக்காக! கண்ணாடி முன்னால் நின்று தலையைச் சீவினார். நல்ல சட்டையை மாட்டினார். அவளுக்குப் பாதியிலேயே குழம்பியிருக்கும். எத்தனை சாமர்த்தியம் இருந்தாலும் அனுபவம் வேண்டாமா? பெருந்தன்மையாக மன்னித்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே படிகளில் பறந்தார். ஒன்பதாம் மாடி வரை இருந்திருந்தாலும் பறந்திருப்பார்.

நாலாம் மாடிக் கதவு திறந்தே இருந்தது. மேஜை தெரிந்தது, பொத்தான் டப்பா தெரிந்தது. கப்பல்காரர், தையல்காரர், அம்மாள் மூன்று பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மூன்று முகமும் அவரையே பார்த்தன. ஒரு நாற்காலி காலியாக இருந்தது! லிஃப்ட்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"உட்காரட்டுமா?" என்றார்.

"ஐயோ, உட்கார நேரமில்லைங்க" என்றார் அம்மாள். "பல் டாக்டர் அரை மணி நேரமா மூணாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவுல லிஃப்டுல மாட்டிக்கிட்டிருக்கார். சீக்கிரம் அவரை மேலே அனுப்பிட்டு, நீங்க அப்படியே கீழே இறங்கிடுங்க."